மருத மரமும் மொட்டைக் கோபுரமும்



உடன் பயின்றவர்கள் நாற்பது, ஐம்பது வயதைக் கடந்தபின் ஒருவரையொருவர் தேடிக் கண்டுபிடித்து, ஒரு வண்டியை அமர்த்திக்கொண்டு, தாம் படித்த பள்ளியையும் குளித்த துறையையும் திரிந்த தெருவையும் பார்த்துவரப் புறப்படுவது இந்நாளில் பெருகிவரும் வழக்கம். கைப்பேசிக் குழுக்கள் இதனை எளிதாக்கிவிட்டன. இத்தகைய பயணம் முடிந்த மறுநாளே ஒரு கவிதையும் பிறந்துவிடுகிறது. கமர்கட்டு, தேன்மிட்டாய், இலந்தவடை, மைக்கூடு, மஞ்சள்பை, கணக்கு வாத்தியாரின் பிரம்பு என்று பட்டியல் நீளும். இறுதி வரியில் ‘அந்தக் காலம் இனி வருமா?’ என்னும் வினா நிற்கும். கவியரங்குகளில் இவ்வினாவுக்குக் கைத்தட்டல் தவறியதே இல்லை. பாட்டு மட்டும் பல வேளைகளில் தவறிவிடுகிறது. அது ஏன் என்பதே இவ்வுரையின் பொருள்.

அதே வினாவைக் கேட்ட பழம்பாடல் ஒன்று தமிழில் உண்டு. புறநானூற்றின் 243ஆம் பாடல். பாடியவரின் இயற்பெயர் தெரியவில்லை. பூண் கட்டிய கோலை அவர் பாட்டில் சொன்ன அழகைக் கொண்டே தொடித்தலை விழுத்தண்டினார் என்று பெயரிட்டனர். ஈரமணலில் பாவை செய்து பூச்சூட்டிய பெண்களோடு குளத்தில் கைகோத்து ஆடியதும், தாழ்ந்து நீரைத் தொடும் மருதமரக் கிளையில் ஏறியதும், கரையில் நிற்போர் மருளும்படி ஆழ்நீரில் குதித்ததும், அடியில் கிடக்கும் மணலை அள்ளி மேலே வந்ததும் ஆகிய இளமை இப்போது எங்கே இருக்கிறதோ என்று, கோலூன்றி, இருமலுக்கிடையே சில சொற்களே பேசவல்ல முதுமையில் நின்று கேட்கும் பாடல் அது.

இப்பாடலுக்குத் துறை வகுத்தவர்கள் இதனைக் கையறுநிலை என்றனர். கையறுநிலை என்பது இறந்துபட்ட தலைவனை எண்ணி இரங்குவது. இங்கே இறந்தது எவருமில்லை; இளமை ஒன்றே. ஒருவர் தம் இளமைக்கே இரங்கற்பா பாடியதாக அதனை அடையாளம் கண்ட பழைய அறிவின் நுட்பம் வியக்கத்தக்கது.

அதனினும் கருதத்தக்க செய்தி ஒன்று உண்டு. பாட்டு ஒருமையில் பேசவில்லை. முதுமை எய்தியவர் ‘யான்’ என்று கூறாமல் பன்மையில் கூறுகிறார். சங்கப் பாட்டில் தன்மைப் பன்மை ஒருவரையே குறித்து வருவதும் உண்டென்று இலக்கணம் அறிந்தோர் சொல்லக்கூடும். சொல்லட்டும். ஆயினும் இளமையில் உடன் ஆடிய கூட்டத்தை, ஒளிவு மறைவு அறியாத, வஞ்சமற்ற தோழமை என்று சிறப்பித்த பாட்டில், முதுமையும் பன்மையில் வருவதைத் தற்செயல் என்று தள்ள மனம் இடந்தரவில்லை. நடுங்கும் கோல்கள் பலவாக அக்கரையில் நிற்கின்றன என்று கொண்டால் பாட்டு இன்னும் விரிகிறது.

மணலை அள்ளி வருவது எதற்கு? அடிவரை சென்றதற்குச் சான்று அது. வெறுங்கையோடு மேலே வருபவனைக் கரையில் இருப்பவர் நம்பார். ஆற்றங்கரையில் வளர்ந்த எவருக்கும் தெரிந்த விளையாட்டுத்தான். பழைய இடத்தை நண்பரோடு காணச் செல்வதிலும் இதுவே நிகழ்கிறது. தனியே நினைவுகூர்பவர் எதையும் சொல்லிவிடலாம். உடன் குதித்தவர் பக்கத்தில் இருக்கும்போது கைக்குள் மணல் இருந்தாக வேண்டும்.

இவ்வட்டத்தின் ஊரையே எடுத்துக்கொள்ளலாம். காட்டூரில் வளர்ந்த நண்பர் நால்வர் ஒரு வேனில் திருவரங்கம் நோக்கிப் புறப்படுவதாகக் கொள்வோம். காட்டூர் என்றாலே இன்று தஞ்சாவூர்ச் சாலையும் அதன் நெரிசலுமே கண்முன் நிற்கின்றன. ஒரு பக்கம் நாகப்பட்டினத்திலிருந்து 1920களில் பொன்மலைக்கு வந்து சேர்ந்த ரயில்வே பணிமனை. மறுபக்கம் 1960களில் திருவெறும்பூரில் எழுந்த பாரத மிகுமின் நிறுவனம். இவ்விரண்டின் தொழிலாளர் குடும்பங்களால் பெருகிய ஊர்களுள் இதுவும் ஒன்று. இங்கே வளர்ந்த பிள்ளைகளின் நினைவில் கோயில் மணியைப் போலவே பணிமனைச் சங்கும் ஒலிக்கும். திருவிழாவைப் போலவே சம்பள நாளும் நிற்கும். 1946 செப்டம்பர் 5 அன்று பொன்மலைச் சங்கத்திடலில் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியான ஐந்து தொழிலாளர்களின் கதையைப் பாட்டன்மார் வாயிலாகக் கேட்ட வீடுகளும் இப்பக்கத்தில் உண்டு. இத்தனை இருந்தும், இங்கே எழுதப்படும் பள்ளிப் பருவக் கவிதைகளில் வயலும் வாய்க்காலும் வருமளவுக்குச் சங்கொலி வருவதில்லை. கவிதைக்கு உரியது கிராமமே என்று யாரோ விதித்துவிட்டதைப் போல, ஆலைக் குடியிருப்பில் பிறந்தவரும் ஏர் ஓட்டியதாகப் பாடுகின்றனர்.

வண்டி அரியமங்கலத்துக் குப்பைக்கிடங்கைக் கடக்கும்போது கண்ணாடிகள் ஏற்றப்படும். பால்பண்ணை, காந்தி மார்க்கெட் தாண்டி மலைக்கோட்டை தெரிந்ததும் பேச்சு தொடங்கும். தெப்பக்குளத்தருகே தூய வளனார் கல்லூரி. 1844இல் நாகப்பட்டினத்தில் தொடங்கி 1883இல் திருச்சிக்கு இடம்பெயர்ந்த நிறுவனம். பணிமனைக்கு முன்னரே கல்லூரியும் நாகையிலிருந்து வந்தது என்பது இந்நகர வரலாற்றில் ஒரு சுவையான ஒற்றுமை.

அக்கல்லூரி விடுதியில்தான் இராமேசுவரத்திலிருந்து வந்த அப்துல் கலாம் நான்காண்டுகள் தங்கிப் பயின்றார். ஆசாரமான திருவரங்கத்து ஐயங்கார் ஒருவரோடும் கேரளத்துச் சிரியன் கிறித்தவர் ஒருவரோடும் ஓர் அறையைப் பகிர்ந்துகொண்டதை ‘அக்கினிச் சிறகுகள்’ நூலில் அவர் குறித்திருக்கிறார். மூன்றாம் ஆண்டில் சைவ உணவு விடுதியின் செயலாளராகவும் இருந்தார். இதனை நல்லிணக்கத்துக்கு எடுத்துக்காட்டாக மேடைகளில் சொல்வது எளிது. சொல்லிச் சொல்லித் தேய்ந்தும் விட்டது. ஓர் அறை, மூன்று கட்டில், ஒரு சாளரம், மூவரும் எழும் வெவ்வேறு நேரங்கள், மூன்று விதமான வழிபாடுகள் என்று எண்ணிப் பார்த்தால்தான் அதன் உண்மை விளங்கும். அம்மூவரும் முதுமையில் ஒருங்கே அவ்வறைக்குத் திரும்பியிருந்தால் எதைப் பேசியிருப்பர் என்பது ஒரு நல்ல கவிஞர் எழுதவேண்டிய பொருள்.

அதே கல்லூரியில் அதே காலத்தில் பயின்றவர் எஸ். ரங்கராஜன் என்னும் சுஜாதா. 1935இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் பிறந்தவர். தந்தையின் பணி மாற்றங்களின் காரணமாகத் திருவரங்கத்தில் பாட்டியின் வீட்டில் வளர்ந்து, அங்குள்ள உயர்நிலைப்பள்ளியில் படித்தவர். பின்னர்ப் பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராக இருந்தபோது, ‘ஸ்ரீரங்கத்து தேவதைகள்’ கதைகளின் வழியே அவ்வூருக்குத் திரும்பினார். திரும்பியது எழுத்தில், வண்டி வேண்டியிருக்கவில்லை. ஆனால் தனியே திரும்பவில்லை என்பதே அக்கதைகளின் வலிமை. ரங்கு கடைத் திண்ணையும், அதில் கூடும் இளைஞர் கூட்டமும், ஊர்க் கிரிக்கெட் ஆட்டமும், குண்டு ரமணி போன்ற மனிதர்களும் அக்கதைகளில் நடமாடுகின்றனர். கதைசொல்லும் சிறுவன் பெரும்பாலும் ஓரத்தில் நிற்பவன். பெரியவர்கள் தன்முன் பேசிய பேச்சின் பாதியைத்தான் புரிந்துகொண்டவன். மீதியை வாசகர் புரிந்துகொள்கின்றனர். தன் இளமையைத் தானே மெச்சிக்கொள்ளும் எழுத்து அதில் மிகக் குறைவு. ‘அந்தக் காலம் போல வருமா’ என்ற பெருமூச்சும் இல்லை. பசியும் பைத்தியமும் சாதியாசாரமும் நிறைவேறாத காதலும் உள்ள ஊராகவே அவர் திருவரங்கம் எழுந்து நிற்கிறது.

அவருடைய முதற்கதை திருச்சியிலிருந்து திருலோக சீதாராம் நடத்திய ‘சிவாஜி’ இதழில் 1953இல் வெளிவந்தது. அவ்விதழின் பிரதி கைவசம் இல்லாமல் பின்னாளில் தேடிக்கொண்டிருந்ததை அவரே வேடிக்கையாக எழுதியிருக்கிறார். இலக்கிய வட்டங்கள் மலர் வெளியிடும்போது இச்செய்தியை நினைவில் கொள்வது நலம். புகழ்பெற்ற எழுத்தாளரின் முதல் அடிச்சுவடே சிற்றிதழின் தாளோடு மறைந்துபோகக் கூடுமானால், ஏனையோர் எழுத்தைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. திருவரங்கத்தில் வளர்ந்த கவிஞர் வாலியும் நண்பர்களோடு சேர்ந்து ‘நேதாஜி’ என்ற கையெழுத்து ஏட்டை நடத்தியவர். கையெழுத்து ஏட்டுக்குப் பிரதி ஒன்றே. அது வீடு வீடாகச் செல்லும். ஒரு வீட்டில் தங்கிவிட்டால் அத்தோடு முடிந்தது.

காவிரிப் பாலத்தைக் கடந்து வண்டி திருவரங்கம் சேர்ந்தால் இராசகோபுரம் நிற்கிறது. பதின்மூன்று நிலை, 236 அடி உயரம். இதன் குடமுழுக்கு நிகழ்ந்தது 1987 மார்ச் 25ஆம் நாள். அதற்குமுன் பல நூற்றாண்டுகளாக அது முடிக்கப்பெறாத அடித்தளமாகவே இருந்தது. ஊரார் வாயில் மொட்டைக் கோபுரம். 1970களில் பள்ளி சென்றவர்க்கு அதன் நிழலே ஊரின் எல்லை. அவர்கள் இன்று திரும்பி வந்தால் காண்பது முழுமை பெற்ற கோபுரத்தை. வழக்கமாக இத்தகைய பயணங்களில் புலம்பலுக்குரிய பொருள், இருந்தது இல்லாமற் போனதே. இங்கு நிகழ்ந்தது மறுதலை. குறையாக நின்றது நிறைந்துவிட்டது. ஆனால் நினைவுக்கு அந்தக் குறைதான் வேண்டும். ஊர் நிறைவெய்தியதற்காக மகிழவும் வேண்டும், மொட்டையாய் நின்றதை இழந்ததற்காக மருகவும் வேண்டும் என்னும் இந்த இரண்டகமான மனநிலையைத் தமிழ்க் கவிதை இன்னும் போதிய அளவு தொட்டதாகத் தெரியவில்லை. இழப்பைப் பாடப் பழகிய நாவுக்கு இது சற்றுக் கடினமே. 1990களில் பிறந்தவர்க்கோ மொட்டைக் கோபுரம் என்னும் சொல்லே விளங்காது. அவர் உடன் வந்தால் பெரியவர்களின் வருத்தம் வேடிக்கையாகவே தோன்றும்.

நண்பர்களாய்ச் சேர்ந்து பழகிய நிலத்தைச் சுற்றிவந்து எழுதியதற்குத் தமிழில் சிறந்த முன்மாதிரி, சிட்டியும் தி. ஜானகிராமனும் எழுதிய ‘நடந்தாய் வாழி காவேரி’. 1971இல் வாசகர் வட்டம் வெளியிட்டது. குடகில் தொடங்கிக் கடல்வரை காவிரியின் வழியே சென்ற பயணம். இருவரும் வானொலியில் பணியாற்றியவர்கள். ஜானகிராமன் தஞ்சையிலும் கும்பகோணத்திலும் படித்தவர். காவிரிக்கரை அவருக்குப் புதுநிலம் அன்று. தெரிந்த ஊரைத் தெரியாத ஊரைப் போலப் பார்க்கும் கண், தெரியாத ஊரில் தெரிந்ததைத் தேடும் கண் ஆகிய இரண்டும் அந்நூலில் மாறிமாறி வேலை செய்கின்றன. ‘மோகமுள்’ நாவலில் கும்பகோணத்தை எழுதிய ஜானகிராமனையும் இப்பயண நூலின் ஜானகிராமனையும் ஒப்பிட்டால் பின்னவர் அடக்கமானவர். உடன் ஒருவர் இருப்பதால் வந்த அடக்கம் அது என்று கொள்வதில் பிழையில்லை. இரட்டையர் எழுதிய நூல் என்றாலே கைச்சண்டை எங்கேனும் தெரியும், இதில் தெரியவில்லை.

இதுவரை கூறியவர் அனைவரும் ஆடவர் என்பதை அவையில் உள்ள மகளிர் இதற்குள் கவனித்திருப்பர். தொடித்தலை விழுத்தண்டினார் பாட்டில் மணற்பாவை செய்த பெண்கள் இருக்கின்றனர், கைகோத்து ஆடுகின்றனர். முதுமையில் கோலூன்றிப் பேசுவோரிடையே அவர்கள் குரல் கேட்கவில்லை. அப்பெண்கள் எந்த ஊருக்கு மணம்முடித்துச் சென்றனர், அம்மருதத் துறையைப் பிறகு ஒருமுறையேனும் கண்டனரா என்பது பாட்டில் இல்லை.

முசிறி காவிரியின் வடகரை ஊர். அங்கே 1925இல் பிறந்தவர் ராஜம் கிருஷ்ணன். பதினைந்து வயதில் திருமணம் நிகழ்ந்தது. அதற்குப்பின் படித்தது எல்லாம் தாமே தேடிப் படித்தது. தோழியரோடு திரும்பிச் சென்று பார்ப்பதற்குரிய நீண்ட பள்ளிப் பருவம் அவருக்கு வாய்க்கவில்லை. வாய்க்காததை எண்ணி அவர் எழுதிக்கொண்டிருக்கவும் இல்லை. படுகர் வாழ்வை எழுத நீலகிரியில் திரிந்தார். ‘கரிப்பு மணிகள்’ எழுதத் தூத்துக்குடி உப்பளங்களுக்குச் சென்றார். ‘அலைவாய்க் கரையில்’ எழுத மீனவர் ஊர்களுக்குச் சென்றார். அவர் வகுப்பறை அவ்வாறு விரிந்தது. 1973ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது ‘வேருக்கு நீர்’ நாவலுக்குக் கிடைத்தது. 2014இல் மறைந்தார்.

இன்னும் அண்மைக்கு வரலாம். திருச்சியிலிருந்து மதுரை செல்லும் சாலையில் துவரங்குறிச்சி இருக்கிறது. 1968இல் பிறந்த கவிஞர் சல்மாவின் ஊர். பெண்பிள்ளைகள் பூப்பெய்தியபின் வெளியே செல்லலாகாது என்னும் வழக்கத்தால் பதின்மூன்று வயதளவில் அவருடைய பள்ளிப்படிப்பு நின்றது. வீட்டுக்குள் இருந்தபடியே படித்தார், மறைத்து வைத்து எழுதினார், புனைபெயரில் வெளியிட்டார். ‘ஒரு மாலையும் இன்னொரு மாலையும்’ தொகுப்பு 2000இல் வந்தது. மறு ஆண்டே அவ்வூரின் பேரூராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ நாவலில் ராபியா என்னும் பள்ளிச் சிறுமியின் கண்வழியாகப் பெண்களின் அடைபட்ட உலகம் விரிகிறது. பள்ளிக்கும் வீட்டுக்கும் இடையிலுள்ள சிறு தொலைவே அச்சிறுமியரின் சுதந்திரம் முழுவதும். அத்தெருவை எழுதியபோது ஆசிரியர் செய்ததும் பள்ளிப் பருவ இடத்துக்குத் திரும்பும் பயணமே. அதில் தேன்மிட்டாய் வந்தாலும் அதன் இனிப்பு வேறு. நாளை இது கிடையாது என்பது தெரிந்தே சுவைக்கப்படுவது.

ஆகவே ‘பள்ளி நாள்கள்’ என்று எல்லார்க்கும் பொதுவாக ஒரு பொற்காலம் இருந்ததாகப் பாடுவது கேட்பவருள் ஒரு பாதியினரை வெளியே நிறுத்திவிடுகிறது. எட்டாம் வகுப்போடு நின்றவர், உணவுக்காகவே பள்ளிக்கு வந்தவர், தண்ணீர்ப் பானையைத் தொட ஒப்பாத பள்ளியில் படித்தவர் ஆகியோருக்கும் அதே கட்டடந்தான். அதே நினைவு அன்று. நால்வர் செல்லும் வண்டியில் ஐந்தாவது இருக்கை ஒன்று வெறுமையாக இருக்கிறது. அதில் அமர்ந்திருக்க வேண்டியவர் ஏன் வரவில்லை என்று ஒருவர் கேட்பார். மற்றவர் வேறு பேச்சுக்கு மாற்றுவார். கவிஞர் அக்கேள்வியை விட்டுவிட்டு மரத்தடியைப் பாடப் போய்விடுகிறார். மரத்தடியைப் பாட ஆயிரம் பேர் உண்டு.

மகளிர் மேற்கொள்ளும் இத்தகைய பயணத்தைப் பற்றியும் ஒரு சொல். ஆடவர்க்கு இது விடுமுறை நாள் உலா. நடுவயதுப் பெண்ணுக்கு, வீட்டாரின் இசைவு, இரண்டு வேளைச் சமையல், பிள்ளைகளின் தேர்வு, மாமியாரின் மருந்து எனப் பலவற்றை முடித்துவிட்டுப் பெறும் ஒரு பகல். அதனால் அவர்கள் பள்ளி வாசலில் நிற்கும்போது பேச்சு பழங்காலத்தைப் பற்றியதாக மட்டும் இருப்பதில்லை. யார் மேலே படித்தார், யார் படிப்பை நிறுத்தியது எவர், எந்த ஆசிரியை வீடுதேடி வந்து தந்தையிடம் மன்றாடினார் என்று கணக்குத் தீர்க்கும் பேச்சாகவும் அமைந்துவிடுகிறது. இதைப் பாடிய கவிதை இம்மலரிலேயே வந்திருக்குமாயின் மகிழ்ச்சி.

திருவரங்கத்தோடு பயணம் முடிவதில்லை. வடக்கே கொள்ளிடம் இருக்கிறது. 1928இல் கட்டப்பட்ட பழைய பாலத்தின்மீது சைக்கிளில் சென்ற தலைமுறைக்கு அதுவும் ஒரு பள்ளிக்கூடம். புதிய பாலம் வந்தபின் பழையது போக்குவரத்துக்கு மூடப்பட்டது. 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் அதன் ஒரு பகுதி சரிந்து விழுந்தது. அதே வாரத்தில், பள்ளிச் சிறுவர்களை இன்பச் சுற்றுலாவாக அழைத்துச் செல்லும் முக்கொம்பிலும் கொள்ளிட அணையின் ஒன்பது மதகுகள் உடைந்தன. ஆற்றில் மிகையாக மணல் அள்ளியதே காரணம் என்று அப்போது பலரும் குற்றம் சாட்டினர். குதித்து எழுந்தவன் கைக்குள் சான்றாக வந்த அதே மணல், பிற்காலத்தில் வண்டி வண்டியாக ஏறிப்போயிற்று. இன்று கிளை தாழ்ந்த மருதமரம் ஒன்று அகப்பட்டு, கீழே ஆழமான மடுவும் இருந்து, குதித்தவன் கைநிறையக் கொண்டுவருவது களியாகவும் கல்லாகவும் இருக்கக்கூடும்.

அந்த நால்வரின் வண்டி புதிய பாலத்தின் தொடக்கத்தில் சற்று நிற்கலாம். பழைய பாலம் நின்ற பக்கத்தைப் பார்த்து, தாம் சைக்கிளில் கடந்தபோது அதற்கு எத்தனைக் கண்கள் இருந்தன என்று ஒருவர் சொல்வார். இல்லை, அதைவிடக் கூடுதல் என்பார் இன்னொருவர். அன்று சைக்கிளை ஓட்டியவர் யார், பின்னால் அமர்ந்தவர் யார் என்பதிலும் உடன்பாடு ஏற்படாது. நம்பர் ஒன் டோல்கேட் வந்து தேநீருக்கு இறங்கும்போதும் அந்த வழக்கு முடிந்திராது.